மனநல மருத்துவ வரலாறு – 12: மருந்தால் வந்த அசைவுகளும் அவற்றை வகை பிரித்த கதையும்

குளோர்புரோமசின் மனநல விடுதிகளுக்குள் நுழைந்த இரண்டே ஆண்டுகளில், அதை உட்கொண்டவர்களின் உடம்பு வேறொரு நோயைக் காட்டத் தொடங்கியது. 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் இந்த மருந்தை மனநோய்க்குக் கொடுத்தார்கள். கொந்தளிப்பில் இருந்தவர்கள் அடங்கினார்கள். குரல்கள் கேட்பதாகச் சொன்னவர்களுக்கு அந்தக் குரல்கள் தேய்ந்தன. கூடவே நடை சுருங்கியது. நடக்கும்போது கைவீச்சு நின்றுபோனது, முகத்தில் பாவம் வற்றியது, சிலருக்குக் கடைவாயில் எச்சில் வழிந்தது. 1954-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹான்ஸ் ஸ்டெக் இதை முறையாகப் பதிவு செய்தார். குளோர்புரோமசினுக்கும் ரெசர்பினுக்கும் வேதியியலில் உறவு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரியான நடுக்குவாதத்தைக் கொண்டுவருவதை அவர் கண்டார்.

ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வேர் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவும் என்று கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரண்டு இந்திய மருத்துவர்கள் 1931-லேயே எழுதியிருந்தார்கள். நடுக்குவாதம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு வழி திறந்ததும் இந்த ரெசர்பின்தான். சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். பிறகு, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் தீர்ந்துபோனால் உடல் அசைவு கெடும் என்பது அங்கிருந்து துலங்கியது. ரெசர்பின் டோபமைன் சேமிப்பைக் காலி செய்கிறது. குளோர்புரோமசினும் அதன் வழிவந்த மருந்துகளும் டோபமைன் வந்து சேரும் டி2 ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. வழி வேறானாலும் மூளையின் அடித்தளத்தில் அசைவைச் சீராக்கும் பகுதிக்குக் கிடைக்கும் கட்டளை குறைந்துபோகிறது.

தொடக்கத்தில் இதைத் தீங்கு என்று எல்லோரும் நினைக்கவில்லை. டிலேயும் டெனிக்கரும் 1955-ல் இந்த மருந்துகளுக்கு நியூரோலெப்டிக் என்று பெயரிட்டார்கள். அவற்றுக்குப் பின்னர் வகுத்த இலக்கணத்தில் நரம்புவழி அசைவுக் கோளாறையும் ஓர் அம்சமாகவே சேர்த்தார்கள். ஜெர்மனியின் ஹான்ஸ் யோவாகிம் ஹாஸே இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளி ஒரே வாசகத்தை மருந்து தொடங்கும் முன்பும், தொடங்கியபின் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் எழுத வேண்டும். அளவு கூடக்கூட எழுத்து சிறுத்துக்கொண்டே வரும், வரிகள் நெருங்கும், கோடுகளில் விறைப்பு தெரியும். இந்தச் சிறுப்பு முதன்முதலாகத் தென்படும் அளவே மருந்து வேலை செய்யத் தொடங்கும் வாசல் என்றார் ஹாஸே. அந்த வாசலைத் தாண்டி வெளிப்படையான நடுக்குவாதம் வரும்வரை அளவைக் கூட்டத் தேவையில்லை என்பதுதான் அவர் சொன்னதன் மற்றொரு பாதி. அந்தப் பாதியைப் பலர் காதில் வாங்கவில்லை. நடுக்கம் வந்தால்தான் மருந்து பிடித்தது என்ற நம்பிக்கை பல விடுதிகளில் நிலைத்தது. பின்னாளில் பெட் ஸ்கேன் ஆய்வுகள் கணக்கைத் தெளிவாக்கின. டி2 ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் அடைபட்டாலே நோய் தணியத் தொடங்குகிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போதுதான் அசைவுக் கோளாறு தலைகாட்டுகிறது. ஆக, நடுக்கத்தைக் குணத்தின் அடையாளமாகப் பார்த்தது பிழை. அதற்கான விலையை நோயாளிகளே கொடுத்தார்கள்.

விறைப்பையும் நடுக்கத்தையும் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது வகை உள்ளுக்குள் நடப்பது. காலை மாற்றி மாற்றி வைப்பது, உட்கார்ந்த மறுகணம் எழுவது, நின்ற இடத்திலேயே நடை போடுவது, ‘உள்ளே ஏதோ பிசைகிறது, இருப்புக்கொள்ளவில்லை’ என்று தவிப்பது: இதுதான் அகதீசியா. இந்தப் பெயர் மருந்துகளைவிட அரை நூற்றாண்டு மூத்தது. பிராக் நகரின் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901-ல், உட்கார முடியாமல் திரும்பத் திரும்ப எழுந்துகொண்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். அதை அவர் ஹிஸ்டீரியா, நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றோடு சேர்த்தே பார்த்தார். முதல் உலகப் போரின்போது தொடங்கிப் பரவிய உறக்க மூளை அழற்சியில் பிழைத்தவர்களிடம் இதே தவிப்பைக் கண்டபோதுதான், மூளையின் அடித்தளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சிலர் ஐயுற்றார்கள்.

1950-களில் மருந்துவழியாக அகதீசியா வந்தபோது நேர்ந்த குழப்பம் பெரிது. நோயாளி அமைதியற்று உலவுகிறார். நோய் முற்றுகிறது என்று மருத்துவர் கருதி மருந்தைக் கூட்டுகிறார். தவிப்பு இன்னும் ஏறுகிறது. கலிஃபோர்னியாவின் தியடோர் வான் புட்டன் 1974-ல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகள் மாத்திரையை மறுப்பதற்கு இத்தகைய அசைவுக் கோளாறுகளே, குறிப்பாக அகதீசியாவே, பெரிய காரணம் என்று காட்டியது. அதுவரை அந்த மறுப்பும் நோயின் பிடிவாதம் என்றே எழுதப்பட்டு வந்தது. அகதீசியாவின் தவிப்பு தாங்காமல் தற்கொலைக்குத் துணிந்தவர்களைப் பற்றியும் மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. ஆகவே வெளியில் தெரியும் அசைவையும் நோயாளி சொல்லும் வேதனையையும் தனித்தனியாக மதிப்பிடும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதை 1989-ல் பிரிட்டனின் தாமஸ் பார்ன்ஸ் உருவாக்கினார். தவிப்பு இல்லாமல் அசைவு மட்டும் இருந்தால் அதைப் போலி அகதீசியா என்று அந்த அளவுகோல் ஒதுக்குகிறது.

மூன்றாவது வகை திடீரென்று வருவது. ஊசி போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகி நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும், நாக்கு வெளியே தள்ளும், முதுகு வில்லாக வளையும். நினைவு மட்டும் முழுமையாக இருக்கும். நடப்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். கடுமையான டிஸ்டோனியா என்று இது பெயர் பெற்றது. வலிப்பு என்றும் ரணஜன்னி என்றும் நடிப்பு என்றும் இதைத் தவறாக எண்ணியவர்கள் ஏராளம். பால் யான்சனின் பெல்ஜிய ஆய்வகத்தில் 1958-ல் ஹாலோபெரிடால் உருவாகி, வீரியம் மிகுந்த மருந்துகள் புழக்கத்துக்கு வந்தபின் இது கூடுதலாகத் தென்பட்டது. இளம் வயது ஆண்களிடம் அதிகம். மனநோயே இல்லாதவர்களுக்கும் வரும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் அதே டி2 ஏற்பியை அடைப்பவைதான். அசிட்டைல்கோலினை எதிர்க்கும் மருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் திருகல் விடுபடும். குரல்வளைத் தசை இறுகினால் மட்டும் உயிருக்கே ஆபத்து.

இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து எண்ணிப் பார்த்தவர் அமெரிக்காவின் ஃபிராங்க் எய்ட். அவர் 1961-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 3,775 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் 38.9 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அசைவுக் கோளாறு இருந்தது: அகதீசியா 21.2, நடுக்குவாதம் 15.4, டிஸ்டோனியா 2.3. எண்களைவிட அவர் வரைந்த காலக்கோடுதான் நிலைத்து நின்றது. டிஸ்டோனியா கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது முதல் ஐந்து நாட்களுக்குள் வந்துவிட்டது. மற்ற இரண்டும் அதே அளவை எட்ட ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆனது. மருந்து தொடங்கி எத்தனை நாளில் வந்தது என்ற கேள்வி அதிலிருந்து வகைப்பாட்டின் முதுகெலும்பானது. அசைவின் தோற்றம் ஏமாற்றலாம், நாட்கணக்கு அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

எய்டின் காலக்கோட்டுக்குள் அடங்காத ஒன்று அப்போதே தெரியத் தொடங்கியிருந்தது. 1957-ல் ஜெர்மனியின் ஷோனெக்கர், குளோர்புரோமசின் உட்கொண்ட வயதான பெண்கள் சிலரிடம் உதடும் வாயும் ஓயாமல் அசைவதை எழுதினார். மருந்தை நிறுத்தியபிறகும் அது நிற்கவில்லை. 1959-ல் பிரான்சின் சிக்வால்டும் குழுவினரும் நான்கு பெண்களின் முகம், நாக்கு, தாடை ஆகியவற்றில் கண்ட அசைவை விவரித்தார்கள். 1960-ல் டென்மார்க்கின் ஊர்பிராண்ட், ஃபோர்பியூ இருவரும் மீளக்கூடிய அசைவு, மீளாத அசைவு என்று பிரித்துக் கட்டுரை எழுதினார்கள். 1964-ல் ஃபோர்பியூவின் குழு அதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர் சூட்டியது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டபின் வருவது இது. வாயில் வெற்றிலை இல்லாமலே வெற்றிலை மெல்வது போலத் தாடை அசைந்துகொண்டிருக்கும். உதடு குவிந்து சப்புக்கொட்டும். நாக்கு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகும், விரல்கள் தாமாக மீட்டிக்கொண்டிருக்கும். உறக்கத்தில் எல்லாம் அடங்கிவிடும். பலருக்குத் தம் வாய் அசைவதே தெரியாது; பார்ப்பவர்கள்தான் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

இதை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. அமெரிக்க அரசின் தேசிய மனநலக் கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கிரேன் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இதைப் பற்றி விடாமல் எழுதினார். 1973-ல் சயன்ஸ் இதழிலும் எழுதினார். மிகைப்படுத்துகிறார் என்றார்கள். வாயசைவு நோயின் கோணங்கி என்றும், பல் விழுந்த முதுமையின் விளைவு என்றும் விளக்கம் சொன்னார்கள். விடுதிகளைக் காலி செய்யவைத்த மருந்துகளே நிலையான ஊனத்தை உண்டாக்கக்கூடும் என்ற செய்தி யாருக்கும் இனிக்கவில்லை. பின்னர் ஜான் கேன் நியூயார்க்கில் நடத்திய தொடர்கண்காணிப்பு, பழைய மருந்துகளை உட்கொள்ளும் பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதத்தினர் புதிதாக இந்நிலைக்கு ஆளாவதைக் காட்டியது. முதியவர்களைப் பின்தொடர்ந்த திலீப் ஜெஸ்தேயின் ஆய்வில், முதல் ஆண்டிலேயே நாலில் ஒருவருக்கு வந்தது. கிரேன் சொன்னது மிகையல்ல.

டார்டிவ் டிஸ்கைனீசியா தனி வகையாக நிற்பதற்குக் காரணம் அது தாமதமாக வருவது மட்டுமல்ல, நடந்துகொள்ளும் விதமும் தலைகீழ். மருந்தைக் குறைத்தால் நடுக்குவாதம் தணியும். இதுவோ மருந்தைக் குறைத்ததும் முதலில் கிளம்பும். மருந்தைக் கூட்டினால் நடுக்குவாதம் ஏறும். இதுவோ சிறிது காலம் மறைந்துகொள்ளும், உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அசிட்டைல்கோலினை எதிர்க்கும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை நடுக்கத்தையும் டிஸ்டோனியாவையும் தீர்க்கும். இதைப் பெரும்பாலும் மோசமாக்கும். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த டி2 ஏற்பிகள் எண்ணிக்கையிலும் உணர்திறனிலும் பெருகிவிடுகின்றன, அதனால் சிறிதளவு டோபமைனுக்கும் மிகையாக எதிர்வினை காட்டுகின்றன என்பது 1970-களிலிருந்து சொல்லப்படும் விளக்கம். மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனபின்னும் ஏன் நீடிக்கிறது என்பதற்கு அது மட்டும் போதாது. ஆனால் சிகிச்சைக்குத் தேவையான பாடம் இதிலேயே இருக்கிறது: வகை தெரியாமல் கொடுக்கும் மாத்திரை ஒருவருக்கு மருந்து, மற்றவருக்குக் கேடு. வகைப்பாடு ஏட்டளவில் நிற்கும் காரியம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் மருந்தின் வேலைதானா என்ற கேள்வி நியாயமானது. நியூரோலெப்டிக் எதுவும் வருவதற்கு முன்பே ஜெர்மானிய மனநல மருத்துவர்களான கால்பாமும் கிரெப்பலினும் தங்கள் நோயாளிகளிடம் வினோதமான முக அசைவுகளைக் குறித்துவைத்திருந்தார்கள். 1982-ல் ஓவன்ஸ், ஜான்ஸ்டோன், ஃப்ரித் மூவரும் இங்கிலாந்தின் ஷென்லி மருத்துவமனையில், வாழ்நாளில் இந்த மருந்தைத் தொட்டே இராத 47 நாட்பட்ட ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளைப் பரிசோதித்து, அவர்களிடமும் இத்தகைய அசைவுகளைக் கண்டார்கள். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அதற்குள் அரிதாகிவிட்டார்கள். அடுத்த முக்கியமான விடை சென்னையிலிருந்து வந்தது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆய்வு நிறுவனத்தின் ஆர். தாராவும் ஸ்காட்லாந்தின் ராபின் மக்கிரீடியும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 1996-ல் வெளியானது. மொத்தம் 308 பேர். நோயற்றவர்களில் 15 சதவீதத்தினரிடமும், நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினர்களில் அதே 15 சதவீதத்தினரிடமும் டிஸ்கைனீசியா இருந்தது. மருந்தே உட்கொள்ளாத நோயாளிகளிடம் 38 சதவீதம், உட்கொண்டவர்களிடம் 41 சதவீதம். மருந்து உட்கொள்ளாதவர்கள் 21 பேரே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். இவர்களைவிட உட்கொண்டவர்கள் சராசரியில் வயது குறைந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், ஸ்கிசோஃப்ரினியா நோயே அசைவுப் பாதைகளைத் தொடுகிறது, மருந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது என்ற முடிவைத் தவிர்க்க முடியாது. மருந்து தொடங்கும் முன்பே ஒரு முறை பரிசோதித்துக் குறித்துவைக்க வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்தப் பரிசோதனைக்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். ஏ.ஐ.எம்.எஸ். என்று அழைக்கப்படும் அளவுகோல் 1976-ல் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தின் கையேட்டில் வெளியானது. நோயாளியைக் கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். வாயில் மிட்டாயோ வேறெதுவோ இருக்கிறதா, பல்செட் பொருந்துகிறதா என்று முதலில் கேட்கிறார்கள். கைகளை முழங்கால்மேல் வைக்கச் சொல்லிச் சும்மா பார்க்கிறார்கள். வாயை இரண்டு தரம் திறக்கச் சொல்கிறார்கள், நாக்கை இரண்டு தரம் நீட்டச் சொல்கிறார்கள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்டச் சொல்வது கவனத்தைத் திருப்புவதற்கு. அந்த நேரத்தில் பார்வை முகத்திலும் கால்களிலும் இருக்க வேண்டும். பிறகு எழுந்து சில அடி நடந்து திரும்பச் சொல்கிறார்கள். உடலின் ஏழு பகுதிகளுக்குச் சுழியிலிருந்து நான்குவரை மதிப்பெண். மொத்தமே பத்து நிமிடம் ஆகாது. இவ்வளவு எளிய ஒன்றை வேலைப்பளுவைக் காட்டித் தள்ளிப்போடுவது வருந்தத்தக்கது.

1980-களில் பிரிவுகள் கூடின. நைனா ஸ்கூலரும் ஜான் கேனும் 1982-ல், குறைந்தது மூன்று மாதம் மருந்து உட்கொண்டிருக்க வேண்டும், ஓர் உறுப்பிலாவது நடுத்தர அசைவோ இரண்டு உறுப்புகளில் இலேசான அசைவோ இருக்க வேண்டும், வேறு காரணம் இருக்கக் கூடாது என்று வரையறுத்தார்கள். அதே ஆண்டு பர்க், ஸ்டான்லி ஃபான் ஆகியோர் 42 பேரை முன்வைத்து, தாமதமாக வந்து கழுத்தையும் முதுகையும் நிலையாகத் திருகும் டார்டிவ் டிஸ்டோனியாவைத் தனியே பிரித்தார்கள். வாயசைவைவிட வேதனை தருவது அது, இளைஞர்களையும் விடுவதில்லை. அகதீசியாவிலும் நாட்பட்டு நிலைக்கும் ஒரு வகை உண்டு என்பது உறுதியானது. அதற்கு முன்பே, 1972-ல், இரண்டு சிறு பிரிவுகள் பதிவாகியிருந்தன. உதடு மட்டும் வேகமாக மேலும் கீழும் நடுங்குவதை வில்னேவ் முயல் நோய்க்குறி என்றார். நாக்கு அதில் கலந்துகொள்ளாது. அதைத் தணிப்பதும் நடுக்குவாத மாத்திரைதான். அதனால் பார்வைக்கு டார்டிவ் போலிருந்தாலும் அது நடுக்குவாதத்தின் கிளை. உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பதை, சாய்ந்த கோபுரத்துப் பைசா நகரின் பெயரால், எக்போம் பைசா நோய்க்குறி என்றார்.

இவை எதிலும் அடங்காத, உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றை டிலேயின் குழுவே 1960-ல் ஹாலோபெரிடால் கொடுத்தபோது கண்டது: கடும் காய்ச்சல், ஈயக்குழாய் போன்ற விறைப்பு, தாறுமாறாகும் இரத்த அழுத்தம், மங்கும் நினைவு. இன்று நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் எனப்படுவது அது. காய்ச்சலைத் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடர்வதுதான் இங்கே கொல்லும் பிழை.

சிதறிக் கிடந்த இவற்றை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடான டி.எஸ்.எம். தன் நான்காம் பதிப்பில், 1994-ல், முதன்முதலாக ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தது. நடுக்குவாதம், மாலிக்னன்ட் சிண்ட்ரோம், கடுமையான டிஸ்டோனியா, கடுமையான அகதீசியா, டார்டிவ் டிஸ்கைனீசியா ஆகியவற்றோடு, லித்தியமும் வால்புரோயேட்டும் உண்டாக்கும் கை நடுக்கமும் அதில் சேர்ந்தது. இவற்றை மனநோய்கள் என்று அது வகைப்படுத்தவில்லை. சிகிச்சையில் கவனிக்க வேண்டிய பிற நிலைகள் என்றது. நாட்கணக்கும் அதிகாரபூர்வமானது. டிஸ்டோனியாவுக்கு ஏழு நாள், அகதீசியாவுக்கு நான்கு வாரம், டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்குக் குறைந்தது மூன்று மாத மருந்து. 60 வயதை எட்டியவருக்கு ஒரு மாதமே போதும் என்றது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு டார்டிவ் டிஸ்டோனியாவுக்கும் டார்டிவ் அகதீசியாவுக்கும் தனித்தனி இடம் கொடுத்தது. மனச்சோர்வு மாத்திரைகளும் அகதீசியாவைத் தூண்டும் என்பதால், டிஸ்டோனியா, அகதீசியா இரண்டையும் நியூரோலெப்டிக்கால் வருபவை என்று சுருக்காமல் மருந்தால் வருபவை என்றே பெயரிட்டது. நியூரோலெப்டிக் என்ற பழைய அடைமொழி 2022-ன் திருத்தப் பதிப்பில் நடுக்குவாதத்தின் பெயரிலிருந்தும் நீங்கியது. டோபமைன் ஏற்பியை அடைக்கும் மருந்து என்று செயலைக் கொண்டே அங்கே குறிக்கிறார்கள். வாந்தி மருந்துகளும் அதற்குள் வந்துவிடுவதால் இது நல்ல மாற்றம்.

புதிய தலைமுறை மருந்துகள் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு ஓரளவே பலித்தது. குளோசபின் மட்டும் இதில் உண்மையாகவே வேறுபட்டு நிற்கிறது. 2005-ல் வெளியான கேட்டி (CATIE) என்ற ஆய்வில், பழைய மருந்தான பெர்ஃபெனசினுக்கும் புதியவற்றுக்கும் இடையே அசைவுக் கோளாறை அளக்கும் அளவுகோல்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துகளான வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017-ல் வந்தன. ஷோனெக்கர் எழுதி அதற்குள் அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டும் அசைவைக் குறைக்கின்றன, நோயின் வேரை எடுப்பதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதே இன்றும் முதல் காப்பு. வீட்டில் ஒருவர் இந்த மருந்துகளை உட்கொள்கிறார் என்றால், அவருடைய உதடு, விரல், நடை ஆகியவற்றில் புதிதாக எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு உடல் விறைத்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி மருந்தைத் தாமாக நிறுத்த விட்டுவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் அடங்கியிருந்த நோயும் மறைந்திருந்த அசைவும் சேர்ந்தே கிளம்பும்.